ஊர் திரும்புகிறோம், காரைத் தானமாகக் கொடுத்துவிடலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 41, எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை. கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்கில் நின்று சலித்துப்போய், இந்த 2026 ஜூன் 27-ம் தேதி மனைவி, மகளுடன் நிரந்தரமாக ஊர் திரும்புகிறார். சாமான்களில் பாதி கன்டெய்னரில் ஏறிவிட்டது. மிச்சம் நிற்பது 2012-ல் புதிதாக வாங்கிய டொயோட்டா கேம்ரி. ஓடியது 1,38,000 மைல். இன்ஜினில் குறை இல்லை, ஏசி மட்டும் வேலை செய்யவில்லை. சரிசெய்ய 900 டாலர் ஆகும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறபடியே 3,800 டாலருக்கு எடுத்துக்கொள்ளத் தயார்.

ஆனால் மனைவிக்கு அதை விற்க மனமில்லை. "பிரசவம் முடிந்து மகளை இந்தக் காரில்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஏதாவது ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் போய்ச் சேரட்டும்" என்கிறாராம். ரேடியோ விளம்பரத்தில் வரும் ஓர் அமைப்பை அழைத்தபோது, இலவசமாக வந்து இழுத்துக்கொண்டு போகிறோம், வரிச் சலுகை உண்டு, கூடவே 3 நாள் சுற்றுலா வவுச்சரும் தருகிறோம் என்றிருக்கிறார்கள். பழைய கார்களின் விலையைச் சொல்லும் கெல்லி புளூ புக்கில் பார்த்தால் 5,400 டாலர் காட்டுகிறது; "அந்த 5,400 வரியில் திரும்ப வந்துவிடும் என்கிறார் நண்பர், சரியா?" என்று கேட்கிறார். இன்னும் இரண்டு யோசனைகளும் கடிதத்தில் இருக்கின்றன. படிக்க வந்திருக்கும் சொந்தக்காரப் பையனுக்குக் காரைக் கொடுத்துவிட்டு அதையே தானமாகக் காட்டலாமா? அல்லது விற்ற பணத்தைச் சொந்த ஊரில் இருக்கும் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பி வரிக் கழிவு கேட்கலாமா? கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) கையில்தான் இருக்கிறது, அதில் பழைய பேங்க் பெயர் இருக்கிறது, கடன் 2017-லேயே முடிந்துவிட்டது."

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கார் ஒரு குடும்பத்துக்குப் போக வேண்டும் என்பது ஒன்று, வரியில் கொஞ்சம் மிச்சமாக வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமானவைதான். ஆனால் நீங்கள் அழைத்த அந்த எண் வழியாகப் போனால் இரண்டுமே நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கிடைக்காது. உங்களிடம் இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அவசரப்பட்டு "சரி" சொல்லிவிடாமல், பொறுமையாக இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கார் எங்கே போகிறது

விளம்பரத்தைக் கேட்டால், நம் காரை ஓர் ஏழைத் தாயின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் நடப்பது வேறு. தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஓர் இடைத்தரகு நிறுவனம் டோ டிரக்கை அனுப்பும். கார் நேராக ஏல மைதானத்துக்குப் போகும். அங்கே பழைய கார் வியாபாரியோ, உதிரிபாகத்துக்காக வாங்குபவரோ எடுப்பார். ஏலத்தொகையில் இழுத்து வந்த செலவு, ஏலக் கட்டணம், விளம்பரச் செலவு, தரகு எல்லாம் போக மிஞ்சுவதுதான் தொண்டுக்குப் போய்ச் சேரும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. சின்ன நிறுவனங்களால் டோ டிரக்கும் ஏல உரிமமும் வைத்துக்கொண்டு அலைய முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கொடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2003-ல் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் தடம்பிடித்துப் பார்த்த 54 வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர்கள் வரிக் கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 2,000 டாலர் என்று ஒருவர் எழுதிக்கொண்டார் என்றால், நிறுவனம் பார்த்தது 100 டாலர். அடுத்த வருடமே சட்டத்தை மாற்றினார்கள். 2005 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது அந்தப் புதிய விதிதான். உங்கள் நண்பர் சொல்வது அதற்கு முந்தைய காலத்துக் கதை.

ஆகவே எந்த அமைப்பாக இருந்தாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். என் காரை விற்பீர்களா, நீங்களே பயன்படுத்துவீர்களா, ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பீர்களா? விற்றால் உங்களுக்கு எத்தனை சதவீதம் வரும், அல்லது வண்டிக்கு இவ்வளவு என்று நிலையான தொகையா? நன்கொடை எந்தச் சட்டப்பூர்வ பெயரில், எந்த இஐஎன் எண்ணில் (அமைப்பின் வரி அடையாள எண்) பதிவாகும்? கடைசிக் கேள்விக்கு வந்த பதிலை வைத்துக்கொண்டு அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கத்தில் நீங்களே சரிபாருங்கள். 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தொண்டு அந்தஸ்து இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் தொண்டு நிறுவனங்கள் நுகர்வோர் விவகாரப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதால் அங்கேயும் ஒரு பார்வை பார்க்கலாம். விளம்பரத்தில் வரும் செல்லப்பெயர் ஒன்றாகவும் பதிவில் உள்ள பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். அதனால்தான் பெயரை நம்பாமல் எண்ணைக் கேட்கச் சொல்கிறேன்.

கார்களை உண்மையிலேயே குடும்பங்களுக்குக் கொடுக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. மேரிலாந்தில் "வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச்", நியூ இங்கிலாந்து பக்கம் "குட் நியூஸ் கராஜ்" இரண்டும் பல வருடங்களாக இதைச் செய்கின்றன. வேலைக்குப் போக வண்டி இல்லாத குடும்பங்களுக்குப் பழைய காரைப் பழுதுபார்த்துக் கொடுப்பார்கள். உங்கள் பகுதியிலிருந்து எடுப்பார்களா, உங்கள் ஊரிலேயே இப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் மனைவியின் ஆசைக்கு மிக அருகில் வரும் வழி இதுதான். ஆனால் அவர்களும் வண்டியைப் பார்த்த பிறகே முடிவு செய்வார்கள். செலவு அதிகம் பிடிக்கும் என்று தோன்றினால் ஏலத்துக்கே அனுப்பி, அந்தப் பணத்தில் வேறொரு காரைச் சரிசெய்வார்கள். "கட்டாயம் ஒரு குடும்பத்துக்குத்தான்" என்ற வாக்குறுதியை யாரும் தரமாட்டார்கள். தந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

5,400 டாலர் என்ற எண்

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கழிவு என்பது கையில் திரும்ப வரும் பணம் இல்லை. வரி போடும் வருமானத்திலிருந்து அந்தத் தொகையைக் கழிக்கிறோம், அவ்வளவுதான். 22 சதவீத வரிப் படியில் இருக்கும் ஒருவருக்கு 1,000 டாலர் கழிவு என்றால் மிச்சம் 220.

அடுத்து, அந்த 5,400-ஐயே நீங்கள் எழுத முடியாது. 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், தொண்டு நிறுவனம் காரை விற்ற தொகைதான் உங்கள் உச்சவரம்பு. ஏலத்தில் 1,500-க்குப் போனால் 1,500. புளூ புக் என்ன சொன்னாலும் அது கணக்கில் வராது. உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இதில் உண்டு. தரகு, டோ செலவு எல்லாம் கழித்த பிறகு நிறுவனத்துக்கு 700 தான் கிடைத்தது என்றாலும் உங்கள் கழிவு 1,500 தான். விற்ற முழுத்தொகையே கணக்கு. 500-க்கும் கீழே விற்றால், சந்தை மதிப்பு அல்லது 500, இரண்டில் எது குறைவோ அதை எழுதலாம்.

சந்தை மதிப்பையே எழுத அனுமதிக்கும் விதிவிலக்குகளும் உண்டு. நிறுவனம் காரைத் தன் பணிக்குக் கணிசமாகப் பயன்படுத்தினால் ஒன்று. வீட்டோடு கிடக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒரு வருடம் முழுக்க ஓட்டுவது போன்ற பயன்பாடு அது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு விற்றால் செல்லாது. காரின் மதிப்பைக் கூட்டும் பெரிய பழுதுபார்ப்பு செய்தால் இன்னொன்று. பெயின்ட் அடிப்பது, நசுங்கலை எடுப்பது, கழுவித் துடைப்பது இதில் சேராது. மூன்றாவது, ஏழைக் குடும்பத்துக்கு இலவசமாகவோ சந்தை விலையைவிட மிகக் குறைவாகவோ கொடுத்தால். மனைவி கேட்கும் வழியும் கழிவு அதிகம் தரும் வழியும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் அப்போதும் 5,400 இல்லை. ஏசி ஓடாத, 1,38,000 மைல் ஓடிய இந்தக் குறிப்பிட்ட காருக்கு, ஒரு தனிநபர் இன்னொருவரிடம் விற்றால் கிடைக்கும் விலைதான் சந்தை மதிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 3,800-ஐவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது. புளூ புக்கில் "நல்ல நிலை" என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நிலையைக் குறைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் 1098-சி என்ற படிவம். விற்றால் விற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள், விதிவிலக்கில் வந்தால் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நிறுவனம் இதை உங்களுக்குத் தர வேண்டும். எந்த விதத்தில் கையாண்டார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். வரிக் கணக்கோடு இதையும், 500-க்கு மேல் போனால் 8283 படிவத்தையும் இணைக்க வேண்டும். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள். படிவத்தில் அது இருந்தாக வேண்டும் என்பதால் கேட்பது சரிதான். ஆனால் இஐஎன் எண்ணைச் சரிபார்த்த பிறகு கொடுங்கள். போனில் பேசிய முதல் நிமிடத்தில் வேண்டாம்.

சுற்றுலா வவுச்சர் என்றீர்களே, அதை வாங்கிக்கொண்டால் அதன் மதிப்பைக் கழிவிலிருந்து குறைக்க வேண்டும். கன்டெய்னர் ஏற்றிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த 3 நாள் பயணத்துக்கு நீங்கள் போகப்போவதும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஊர் திரும்பும் வருடத்தின் கணக்கு

உங்கள் நண்பர்கள் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கார் தானத்தால் வரியில் ஒரு டாலர்கூட மிச்சமாவதில்லை. 2026-க்குக் கணவன் மனைவி சேர்ந்து போடும் கணக்கில், பட்டியல் போடாமலே கிடைக்கும் நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 32,200 டாலர். வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் கூட்டினாலும் அதைத் தாண்டாதவர்கள் பட்டியல் போட்டுக் கழிக்கப்போவதில்லை; கார் தானத்துக்கு அங்கே இடமே இல்லை. பட்டியல் போடாதவர்களும் நன்கொடையில் தலைக்கு 1,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம் என்று இந்த வருடம் முதல் ஒரு சலுகை வந்திருக்கிறது. ஆனால் அது பணமாகக் கொடுத்தால் மட்டும்தான், காருக்குக் கிடையாது.

உங்கள் நிலைமை வேறு. எச்-1பி-யில் இருந்துவிட்டு வருடத்தின் நடுவில் நிரந்தரமாகக் கிளம்புகிறீர்கள். வேலையும் வீடும் இந்தியாவுக்கு மாறுகின்றன. கிளம்பும் நாள்வரை வரிக்கு இந்நாட்டு வாசி, அதன்பிறகு வெளிநாட்டவர் என்று ஆண்டு இரண்டாகப் பிரியும். இதற்கு டூயல் ஸ்டேட்டஸ் என்று பெயர். அந்த வருடம் உங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கிடையாது, மனைவியோடு சேர்ந்து கணக்குப் போடவும் முடியாது. இரண்டுமே நஷ்டம்தான். ஆனால் வேறு வழியில்லாமல் பட்டியல் போட்டே கழிக்க வேண்டியிருப்பதால், உங்கள் நன்கொடைக்கு முதல் டாலரிலிருந்தே வேலை உண்டு. கிட்டத்தட்ட முதல் டாலர் என்று சொல்ல வேண்டும். 2026 முதல், சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் அரை சதவீதத்தைத் தாண்டும் நன்கொடைதான் கழிவாகும். அரை வருடச் சம்பளம் 70,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், முதல் 350 டாலர் கணக்கில் வராது.

கிரீன் கார்டு கையில் இருந்திருந்தால் இந்தக் கணக்கே மாறியிருக்கும். அதைத் திருப்பி ஒப்படைக்கும்வரை விமானம் ஏறினாலும் நீங்கள் வரிக்கு இந்நாட்டு வாசிதான். படிக்கும் மற்றவர்கள் இதைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ளும் முன் இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்றுவிட்டுப் பணமாகக் கொடுத்தால்

70,000 வருமானம், 22 சதவீதப் படி என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் ஏலத்தில் 1,500-க்குப் போனால், 350 போக 1,150 கழிவு. உங்களுக்கு மிச்சம் 253 டாலர். தொண்டு நிறுவனத்துக்குத் தரகுபோக ஏதோ ஒன்று. அதே காரைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் 3,800-க்கு விற்று, காசோலையாக அதே நிறுவனத்துக்குக் கொடுத்தால், 350 போக 3,450 கழிவு. உங்களுக்கு மிச்சம் 759 டாலர். நிறுவனத்துக்கு முழு 3,800. வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்பதால் விற்பனைக்கு வரி எதுவும் இல்லை. 1098-சி-க்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பணத்தைப் பெற்றுக்கொண்டோம், பதிலுக்கு எதுவும் தரவில்லை என்று நிறுவனம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுக்கும் ஒவ்வொரு நன்கொடைக்கும் அந்தக் கடிதம் கட்டாயம் வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஓடும் நிலையில் ஒரு கார், கையில் ஒரு விலை, ஏழு வாரம் அவகாசம், இவை மூன்றும் உள்ள யாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஏலத்துக்குக் காரைக் கொடுப்பது, ஓடாத வண்டிக்கும் நாளை விமானம் ஏறுகிறவருக்கும் பொருத்தமானது. நீங்கள் இரண்டும் இல்லை.

மனைவியிடமும் இதை வைத்துப் பேசிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதை ஏன் வாங்குகிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கல்லூரிக்குப் போகும் மகனுக்காகவோ, வேலைக்குப் போகும் மகளுக்காகவோ இருக்கலாம். ஒரு குடும்பம் ஓட்டினால் போதும் என்பதுதான் உங்கள் மனைவியின் எண்ணம் என்றால், அது பக்கத்து வீட்டிலேயே நிறைவேறிவிடக்கூடும். "இல்லை, வண்டி வாங்க வழியில்லாத ஒருவருக்குத்தான் போக வேண்டும்" என்று அவர் நினைத்தால், குடும்பங்களுக்குக் கொடுக்கும் அமைப்பை இந்த வாரமே அழையுங்கள். அவர்கள் எடுத்துக்கொண்டால் அதையே செய்யுங்கள். வரியில் சில நூறு டாலர் முன்பின்னாக இருக்கலாம். அதற்காக அவர் மனத்தை மாற்றச் சொல்லமாட்டேன்.

படிக்க வந்திருக்கும் பையனுக்குக் கொடுப்பது நல்ல காரியம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது அன்பளிப்பு, வரிச் சட்டத்தின் கண்ணில் தானம் இல்லை. தனி ஒரு ஆளுக்குக் கொடுப்பது எவ்வளவு தேவையுள்ளவராக இருந்தாலும் கழிவாகாது. தமிழ்ச் சங்கத்திடமோ கோயிலிடமோ காரைக் கொடுத்து "இதை இந்தப் பையனுக்குக் கொடுங்கள்" என்று பெயர் குறித்துச் சொல்வதும் அப்படியே. சிலர் இந்தக் குறுக்கு வழியைச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

ஊரில் உள்ள குழந்தைகள் இல்லத்துக்கு நேராகப் பணம் அனுப்பினால் அமெரிக்க வரிக் கணக்கில் அதற்கு இடமில்லை. அமைப்பு அமெரிக்காவில் பதிவானதாக இருக்க வேண்டும். இந்தியாவில் பணி செய்யும் அமெரிக்க 501(சி)(3) அமைப்புகள் பல இருக்கின்றன; அவற்றுக்குக் கொடுத்தால் கழிவு உண்டு, எங்கே செலவழிப்பது என்ற முடிவு அவர்களுடையதாக இருக்கும்வரை. அந்த இல்லம்தான் உங்கள் மனத்தில் இருக்கிறது என்றால், 759 டாலரை விட்டுக்கொடுத்து அங்கேயே அனுப்புங்கள். வரிக்காக மனத்துக்குப் பிடிக்காத இடத்தில் கொடுக்க வேண்டியதில்லை.

டைட்டில் முதலில்

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. கடன் 2017-ல் முடிந்தாலும் டைட்டிலில் பேங்க் பெயர் இருக்கிறவரை காகிதத்தில் அந்த உரிமை இன்னும் நிற்கிறது. விற்பதோ தானமோ, எதுவும் நகராது. பேங்கை அழைத்து, கடன் தீர்ந்தது என்று அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் விடுவிப்புக் கடிதம் கேளுங்கள். ஒன்பது வருடத்தில் அந்த பேங்க் வேறொன்றோடு இணைந்திருக்கலாம். அப்படியானால் இப்போதைய பேங்கிடம் கேட்க வேண்டும். கடிதம் வந்ததும் நியூ ஜெர்சி வாகனத் துறையான எம்விசி அலுவலகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போய்ச் சுத்தமான டைட்டில் எடுத்துவிடுங்கள். இதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை என்பதால்தான், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நாளைக் காலை இந்த போனைப் போடுங்கள் என்கிறேன்.

டைட்டிலின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது வாங்குபவரின் பெயர், தேதி, ஓடோமீட்டர் மைல் மூன்றையும் அங்கேயே, உங்கள் கண் முன்னால் நிரப்புங்கள். டோ டிரக் ஓட்டுநர் "பெயரை அப்படியே விடுங்க சார், ஆபீசில் பார்த்துக்குவாங்க" என்பார். விடாதீர்கள். என்னிடம் கணக்குப் பார்த்த ஒருவர் அப்படி விட்டுவிட்டு, பிளேட்டையும் கழற்றாமல் ஊருக்குப் போனார். அந்த வண்டி யார் யார் கைக்கோ மாறி, எட்டு மாதம் கழித்து ஒரு தெருவோரத்தில் அநாதையாக நின்றது. சுங்கச்சாவடி அபராதம், வண்டியை இழுத்துப்போய் நிறுத்தி வைத்த வாடகை எல்லாம் அவர் பெயருக்கு வந்து, நண்பர் வீட்டு அஞ்சல்பெட்டியில் கட்டாகச் சேர்ந்திருந்தது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதை அவிழ்க்க அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று.

நியூ ஜெர்சியில் பிளேட் காரோடு போகாது. இரண்டையும் கழற்றி எம்விசியில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ரசீது கைக்கு வந்த பிறகே இன்ஷூரன்ஸை நிறுத்துங்கள். முன்னால் நிறுத்தினால், பிளேட் உங்கள் பெயரில் இருக்கும்போது காப்பீடு இல்லை என்று சிக்கல் வரும். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் பிளேட் காரிலேயே இருக்கும், ஆனால் கைமாறிய 5 நாளுக்குள் அங்குள்ள வாகனத் துறையான டிஎம்வி-க்கு அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். மாநிலம் மாறிய நண்பரின் அனுபவத்தைக் கேட்டுச் செய்யாதீர்கள். கையெழுத்திட்ட டைட்டிலின் இரண்டு பக்கங்கள், பிளேட் ரசீது, டோ ஓட்டுநர் கொடுத்த துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தானம்தான் என்று முடிவெடுத்தால் 1098-சி உங்களுக்கு முன்னால் விமானம் ஏறாது. நீங்கள் போன பிறகுதான் பெரும்பாலும் வரும். இங்கேயே இருக்கப்போகும் நண்பர் ஒருவரின் முகவரியைக் கொடுங்கள், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி கேளுங்கள். கார் எப்போது விற்றாலும் கழிவு நீங்கள் கொடுத்த 2026-ம் வருடத்துக்குத்தான். 2027 ஏப்ரல் 15 வரை படிவம் வரவில்லை என்றால் 4868 படிவம் போட்டு ஆறு மாத அவகாசம் வாங்கலாம், அல்லது கழிவில்லாமல் கணக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு 1040-எக்ஸ் மூலம் திருத்தலாம். டூயல் ஸ்டேட்டஸ் கணக்கை மட்டும் பழக்கமில்லாத மென்பொருளில் நீங்களே போட்டுப் பார்க்காமல், இதைச் செய்து பழகிய ஒருவரிடம் கொடுங்கள். வழக்கமான மென்பொருள் ஸ்டாண்டர்ட் டிடக்ஷனைத் தானாகவே போட்டுவிடும். பிறகு ஐஆர்எஸ் கடிதம் இந்தியாவுக்கு வரும்.

ஏசிக்கு 900 டாலர் செலவழிக்க வேண்டாம். ஏலத்தில் அந்தப் பணம் திரும்பாது, பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறபடியே கேட்கிறார், குடும்பங்களுக்குக் கொடுக்கும் அமைப்பு என்றால் அவர்களுடைய மெக்கானிக் உங்களைவிடக் குறைவான செலவில் முடிப்பார். சாவியைக் கொடுக்கும் நாளில் சுங்கக் கட்டணத்துக்கான ஈஸி-பாஸ் கருவியைக் கழற்றுங்கள், கராஜ் ரிமோட்டை எடுங்கள், புளூடூத்தில் சேர்ந்திருக்கும் போன் எண்களை அழியுங்கள், டாஷ்போர்டு பெட்டியில் இருக்கும் பழைய இன்ஷூரன்ஸ் காகிதங்களை எடுத்துவிடுங்கள். அவற்றில் உங்கள் முகவரி இருக்கும். பின் சீட்டுக்கு அடியிலும் ஒரு முறை கையை விட்டுத் துழாவுங்கள். குழந்தை வளர்ந்த கார் என்கிறீர்கள். அங்கே உங்கள் மனைவி எடுத்து வைத்துக்கொள்ள விரும்பும் ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும்.